நிரவுவதற்கு முன் நிலத்தைப் படித்தல்

விளையாட்டுத் திடல் அமைக்கும் தொழில் நிரவலில் தொடங்குகிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, நிலத்தை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, மழைநீர் வடிவதற்கான மெல்லிய சாய்வை மட்டும் அதில் விட்டுவைப்பதே நிரவல் எனப்படும். கோடு போடுவதும் கோல்கம்பம் நடுவதும் புல் பதிப்பதும் அதன் பிறகே வரும். இந்தத் தொழிலில் பழகிய கண், எந்த வெற்றிடத்தைக் கண்டாலும் முதலில் அதன் மேடுபள்ளங்களையே தேடுகிறது. அவற்றை எவ்வளவு மண் கொண்டு, எத்தனை நாளில் இல்லாமல் ஆக்கலாம் என்று கணக்கிடத் தொடங்குகிறது. அந்தக் கண்ணோடு போர் தங்கிச் சென்ற விளையாட்டரங்கு ஒன்றுக்குள் நுழைபவர், தம் தொழிலின் முதற்செயலே அங்கே ஒரு சாட்சியத்தை அழிக்கக்கூடும் என்பதை உணர நேர்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் உள்ள கிளியனூரையும் அதைச் சுற்றியுள்ள மரக்காணம் கடலோரத்தையும் களமாகக் கொண்டு பள்ளித் திடல்களும் ஊராட்சித் திடல்களும் அமைத்துவந்த அனுபவத்திலிருந்து எழுதப்படும் இக்கட்டுரை, யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கையும் அதனோடு ஒத்த சில இடங்களையும் அந்தத் தொழிலின் பார்வையில் நோக்குகிறது.

கிளியனூர் வட்டாரத்தின் மண் ஒரே தன்மையது அன்று. மேற்கிலும் தெற்கிலும் வானூர்ப் பக்கம் செம்மண் மேடுகள் எழுகின்றன; கிழக்கே கழுவெளி ஏரியை நெருங்க நெருங்க மண் கறுத்து, களியாகி, மழையில் வீங்கி வெயிலில் வெடிக்கிறது. செம்மண்ணில் அமைத்த திடல் நீரை வேகமாக விட்டுவிடும், ஆனால் ஓடும் கால்களுக்குக் கீழே பொடிந்து அரிபடும். களிமண்ணில் அமைத்த திடல் கோடையில் கல்லாக இறுகும், ஐப்பசியில் காலை விழுங்கும். ஆகவே இவ்வட்டாரத்தில் திடல் அமைப்பவர் இரண்டையும் கலக்கக் கற்றுக்கொள்கிறார்: அடியில் கப்பியும் கிராவலும், மேலே சல்லடையில் சலித்த செம்மண்ணோடு அளவாகச் சேர்த்த களியும் பரப்பி, நீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்குகிறார். மட்டம் பார்க்கும் கலையில் இவ்வட்டாரத்துக்கு வாய்த்த ஆசிரியர்கள் மரக்காணத்து உப்பளத் தொழிலாளர்கள். உப்புப் பாத்தியின் தரை ஒரு விரற்கடை ஏறினாலும் உப்புநீர் ஒருபக்கம் ஒதுங்கிவிடும், மறுபக்கம் உப்பு சீராக விளையாது. அதனால் பருவத் தொடக்கத்தில் அவர்கள் பாத்தித் தரையைக் காலால் மிதித்து இறுக்கி, பலகையால் இழுத்து, மெல்லிய நீரை விட்டு, அந்த நீர் நிற்கும் விதத்தைக் கொண்டே குறை எங்கே என்று அறிகிறார்கள். கட்டட வேலையில் டியூப் லெவல் என்று வழங்கும் நீர்க்குழாய் மட்டமும் இதே நெறியில்தான் இயங்குகிறது: இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தைக் காட்டும். நிலத்தின் உண்மையை நீர் மறைக்காது என்ற நம்பிக்கை இத்தொழிலுக்கு உப்பளத்திலிருந்து வந்தது.

நிரவலில் இத்தனை கண்டிப்பு ஏன் என்பதற்கு ஓடுபாதை நல்ல எடுத்துக்காட்டு. சர்வதேச அளவில் வழங்கும் 400 மீட்டர் ஓடுபாதை, தலா 84.39 மீட்டர் நீளமுள்ள இரண்டு நேர்ப்பகுதிகளாலும், 36.50 மீட்டர் ஆரமுள்ள இரண்டு அரைவட்டங்களாலும் ஆனது. முதல் தடத்தில் ஓடுபவரின் பாதை உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கப்படுவதால் கணக்கு சரியாக 400 மீட்டரில் முடிகிறது. ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலம். வெளித்தடத்தில் ஓடுபவர் வளைவில் அதிகத் தொலைவு ஓட நேர்வதால், இரண்டாம் தடத்தவர் 7.04 மீட்டர் முன்னதாகவும், மூன்றாம் தடத்தவர் 14.70 மீட்டர் முன்னதாகவும் நிறுத்தப்படுகின்றனர். பாதையின் குறுக்குச் சாய்வு நூற்றுக்கு ஒன்றையும், ஓடும் திசையிலான சாய்வு ஆயிரத்துக்கு ஒன்றையும் மிஞ்சக்கூடாது. முளைக்குச்சி அடித்து, நூல் பிடித்து, 3-4-5 அளவில் மூலைமட்டம் எடுத்து, சுண்ணாம்புக் கோடு இழுக்கும் ஒருவர் இந்த எண்களோடே வாழ்கிறார். எட்டுத் தடங்களுக்கும் நடுத்திடலுக்கும் சேர்த்து மூன்று, நான்கு ஏக்கர் நிலம் ஒரே சீராகத் தேவைப்படுகிறது. ஊருக்குள் அவ்வளவு பெரிய, தட்டையான, மரமற்ற, வேலியிட்ட, வண்டி நுழையும் வாயிலுள்ள பொதுநிலம் வேறு எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை.

போர் விளையாட்டுத் திடலைத் தேடி வருவதற்கும் இதுவே காரணம். ஹெலிகாப்டர் இறங்குவதற்குத் தட்டையான வெளி வேண்டும். லாரிகளை நிறுத்துவதற்கு இறுகிய தரை வேண்டும். பிடிபட்டவர்களை அடைத்துவைக்கச் சுற்றுச்சுவரும் ஒற்றை வாயிலும் வேண்டும். அவசரமாகப் புதைப்பதற்குக் கல்லில்லாத, எளிதில் வெட்டக்கூடிய மண் வேண்டும். திடல் அமைப்பவர் பல மாதம் உழைத்து உண்டாக்கும் நற்பண்புகள் அத்தனையும் படைகளுக்கும் பயன்படுகின்றன. இத்தொழிலில் உள்ளவர்கள் இதை ஒருமுறையாவது நேராக நினைத்துப் பார்ப்பது நல்லது.

இன்னொரு தொடர்பும் உண்டு. அது இன்னும் பழையது. கோட்டை கட்டிய ஐரோப்பியர்கள் அதன் மதிலுக்கு வெளியே பரந்த நிலத்தை வெறுமையாக வைத்திருந்தனர். பகைவர் மறைந்து நெருங்க வீடோ மரமோ இல்லாமல், பீரங்கிக்கு நேர்ப்பார்வை கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். சென்னையில் 1746இல் பிரெஞ்சுக்காரரிடம் இழந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டையை 1749இல் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் நகர வீடுகளை அகற்றி எஸ்பிளனேடு எனப்படும் வெளியை விரித்தனர். லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை 1758-59இல் நடத்திய முற்றுகை அதன் தேவையை மேலும் வலியுறுத்தியது. அந்த வெளியின் எல்லையைக் குறித்து 1773இல் நட்ட தூண்களில் ஒன்று இன்றும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கிறது. கொல்கத்தா மைதானம் வில்லியம் கோட்டைக்காகத் திறக்கப்பட்ட வெளி. இலங்கையில் காலி நகரின் கிரிக்கெட் மைதானம் கோட்டை மதிலுக்கு எதிரே கிடக்கும் வெளி. துப்பாக்கிக்காக ஒதுக்கிய நிலங்கள் பின்னாளில் பந்துக்குக் கிடைத்தன. தமிழ்நாட்டில் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்ததும், இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் அமைந்த பிறகு அது கைவிடப்பட்டதும் இதே வகையைச் சேர்ந்தவை.

யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கு அமைந்திருக்கும் இடமும் இந்த வரலாற்றுக்குள் அடங்குகிறது. போர்த்துக்கீசர் தொடங்கி, 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டைக்கு முன்னே முற்றவெளி என்னும் திறந்த நிலம் இருக்கிறது. அரங்கு அதை ஒட்டியே இருக்கிறது. பொது நூலகமும் வீரசிங்கம் மண்டபமும் அங்கிருந்து நடக்கும் தொலைவே. 1974 சனவரியில் நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் வீரசிங்கம் மண்டபத்தின் முன் காவல்துறை நடவடிக்கையின்போது மக்கள் உயிரிழந்ததும், 1981இல் நூலகம் எரிக்கப்பட்டதும் இந்தச் சிறு வட்டத்துக்குள்தான். அரங்குக்குப் பெயர் தந்த அல்பிரட் துரையப்பா, யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்தபோது 1975 சூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆக, உதைபந்தாட்டமும் தடகளமும் நடந்த அந்தத் திடலின் பெயரிலேயே போரின் முதற்காலம் இருக்கிறது.

பிறகு வந்த ஆண்டுகளில் கோட்டையும் அதன் சூழலும் மாறி மாறிப் பல படைகளின் பிடியில் இருந்தன. 1987இல் இந்திய அமைதிப்படை வந்தது. 1990 மார்ச்சில் அது வெளியேறியது. அந்த ஆண்டிலேயே கோட்டைக்குள் இருந்த இலங்கை இராணுவத்தை விடுதலைப் புலிகள் பல வாரங்கள் முற்றுகையிட, செப்டம்பரில் இராணுவம் கோட்டையைக் கைவிட்டது. 1995 டிசம்பரில் நகரம் மீண்டும் இராணுவத்தின் கைக்கு வந்தது. கோட்டையிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்த திடலில் ஒழுங்காக ஓட்டப்பந்தயம் நடத்தக்கூடிய காலம் அது அன்று. திடலைப் பேணுவது ஆண்டுக்கொருமுறை செய்யும் வேலை என்று பலர் எண்ணுகின்றனர்; உண்மையில் ஒரே ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டாலே வடிகால் தூர்ந்து, நீர் நின்று, கோரை முளைத்து, மட்டம் கெடத் தொடங்கிவிடும். அங்கே கெட்டுப்போகப் பல மழைக்காலங்கள் இருந்தன.

யாழ்ப்பாணத்தின் மற்றொரு திடல் இன்னும் நேரடியாகப் போருக்குள் இழுக்கப்பட்டது. 1987 அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி, விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிக்கும் நோக்குடன் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விளையாட்டுத் திடலில் எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் மூலம் வீரர்களை இறக்கியது. சுற்றிலும் கட்டடங்களும் வீடுகளும் நெருங்கியிருந்த அந்த உதைபந்தாட்டத் திடலில் மறைவதற்கு எதுவும் இல்லை. பதிமூன்றாம் சீக்கிய இலகு காலாட்படையைச் சேர்ந்த முப்பது பேரில் 29 பேர் அங்கே உயிரிழந்தனர், ஒருவர் சிறைப்பிடிக்கப்பட்டார். ஹெலிகாப்டர் இறங்கப் பொருத்தமாக அந்த இடத்தை ஆக்கிய தட்டைத்தன்மையே இறங்கியவர்களைக் காப்பாற்ற முடியாமல் செய்தது. திடலின் நடுவே நிற்கும் ஆட்டக்காரருக்கு நான்கு பக்கமும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் உதைபந்தாட்டத் திடல் அவ்வாறு அமைக்கப்படுகிறது என்பதை அறிந்தவருக்கு இந்நிகழ்ச்சியை வாசிப்பது எளிதாக இருப்பதில்லை.

கைவிடப்பட்ட திடலைப் படிப்பது தனியாகக் கற்க வேண்டிய திறன். முதலில் அதைச் சுற்றி நடக்க வேண்டும். நடுவில் இறங்கி நடப்பது கடைசியில்தான். எளிய காலத்தில் கைவிடப்பட்ட திடலில் பள்ளங்கள் தாறுமாறாக இருக்கும்: மாடு படுத்த இடம், வண்டி திரும்பிய இடம், மண் திருடிய இடம். மனிதர் வெட்டி மூடிய குழி அப்படி இருப்பதில்லை. அதற்கு விளிம்பு உண்டு. வெட்டி எடுத்த மண்ணைத் திரும்பப் போடும்போது அது முன்போல் இறுகாது; முதலில் சற்றே மேடாக நிற்கும், பின் ஒவ்வொரு மழைக்கும் அமிழ்ந்து சில ஆண்டுகளில் சுற்றுத்தரையைவிடத் தாழும். அந்தத் தாழ்வு நீளமும் அகலமும் கொண்ட ஒரு வடிவமாகத் தெரியும்; மழை பெய்த மறுநாள் காலையில் வந்தால் உப்பளத்துப் பாத்தியில் போலவே நீரே அதை வரைந்து காட்டும். அதன்மேல் வளரும் புல்லின் நிறமும் வேறுபடும். கிளறிய மண் ஈரத்தை அதிகம் பிடிப்பதால் கோடையிலும் அந்த இடம் மட்டும் பச்சையாக நிற்கும். நிலத்தின் இயல்பான அடுக்கில் அடியில் கிடக்க வேண்டிய வெளிர்ந்த மண் மேலே சிதறியிருந்தால், அங்கே யாரோ ஆழத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று பொருள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புப் பாறை மேலோட்டமாகவே கிடப்பதால், திடல் ஒன்றின் மேற்பரப்பில் சுண்ணாம்புக்கல் துண்டுகள் கலந்திருப்பது இத்தகைய அடையாளமாகலாம். அது பழைய கோட்டுக்குப் போட்ட சுண்ணாம்பின் எச்சமா, பாறையிலிருந்து பெயர்ந்ததா என்பதை விரலால் நசுக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பதுங்குகுழியின் அடையாளம் வேறு. அது நேராகவோ வளைந்தோ நீண்டு செல்லும். அதன் ஓரத்தில் பனங்குற்றிகள் இற்றுப்போன தூளோ மணல்மூட்டையின் நைந்த இழைகளோ கிடக்கும். ஈழத்துப் போரில் பதுங்குகுழிக்குக் கூரையாகவும் காப்பரணுக்குத் தாங்கலாகவும் பனைகள் பெருமளவில் வெட்டப்பட்டன. ஆதலால் திடலோரத்தில் தலையற்று நிற்கும் பனையும், வெட்டிய அடிக்கட்டையும் திடலுக்குள் என்ன இருந்திருக்கும் என்பதைச் சொல்லக்கூடும். பார்வையாளர் படிக்கட்டின் கான்கிரீட்டில் உள்ள குழிகளையும் பார்க்க வேண்டும். துப்பாக்கி ரவை பட்ட குழி சிறிதாய், ஆழமாய், தனித்தனியாக இருக்கும். எறிகணை வெடித்த இடத்தில் ஒரு மையத்திலிருந்து கதிர்போல் பிளவுகள் பரவியிருக்கும். எந்தப் பக்கத்துச் சுவரில் குழிகள் மிகுதியோ அந்தப் பக்கத்துக்கு எதிரே சுட்டவர்கள் இருந்தார்கள். எனவே யார் எங்கே தங்கியிருந்தார்கள் என்ற வரைபடம் சுவரிலேயே இருக்கிறது. சீரமைப்பு வேலையில் சிமெண்டுப் பூச்சு முதல் நாளிலேயே இந்த வரைபடத்தை மூடிவிடுகிறது. ஒரு புகைப்படம்கூட எடுக்காமல் பூசுவது தவறு.

இப்படிப் படிக்க வேண்டியதன் அவசியத்தைத் துரையப்பா அரங்கே 1999இல் காட்டியது. அரங்கைப் புனரமைக்கும் வேலை நடந்தபோது மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்த அகழ்வில் ஏறத்தாழ 25 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. ஈழத்துத் தமிழில் மனிதப் புதைகுழி என்று வழங்கும் இத்தகைய இடம் அதற்கென்று தேடிச் சென்றவர்களால் கண்டறியப்படவில்லை. மண்வெட்டியோடு வேறு வேலைக்கு வந்தவர்களின் கையிலேயே அது அகப்பட்டது. இது ஒரு தனி நிகழ்ச்சியும் அன்று. 2013 டிசம்பரில் மன்னார்த் திருக்கேதீச்சரத்தில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டியவர்கள் எலும்புக்கூடுகளைக் கண்டனர். 2018இல் மன்னார் நகரில் சதொச என்னும் அரசு விற்பனை நிலையத்தின் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது தொடங்கிய அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2023இல் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் மீண்டும் குடிநீர்க் குழாய் வேலை. 2025 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் எரியூட்டும் மேடைக்கான கட்டட வேலை, அதைத் தொடர்ந்து இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். குழாய் பதிப்பவர், அத்திவாரம் வெட்டுபவர், திடல் நிரவுபவர் ஆகிய மூவருமே இலங்கையில் முதற்சாட்சிகளாக இருந்திருக்கிறார்கள். சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் நீதவானும் அவர்களுக்குப் பிறகே வருகின்றனர். முதலில் பார்ப்பவரின் கை எந்த நொடியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே பின்னால் வருபவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது அமைகிறது.

மன்னாரில் நடந்தது இதை இன்னும் கூர்மையாக உணர்த்துகிறது. அங்கே அத்திவாரத்துக்கு வெட்டிய மண் வெளியே விற்கப்பட்டு, நிரப்புமண்ணாக வேறோர் இடத்தில் கொட்டப்பட்ட பிறகே எலும்புத் துண்டுகள் கவனத்துக்கு வந்தன. நிரப்புமண் என்பது பள்ளத்தை உயர்த்த வெளியிலிருந்து வாங்கும் மண். திடல் அமைப்பில் அதுவே மிகப் பெரிய செலவு. லாரி லாரியாக வந்து கொட்டும் அந்த மண் எங்கே வெட்டப்பட்டது என்று கேட்கும் பழக்கம் தமிழ்நாட்டிலும் பரவலாக இல்லை. ஏரி வண்டலா, மலைக் கிராவலா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. மன்னார் எலும்புகளின் மாதிரிகள் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தப்பட்டன. உயிர்ப்பொருளில் எஞ்சியுள்ள கரிமத்தின் ஒரு வகை எவ்வளவு குறைந்துள்ளது என்பதைக் கொண்டு வயதைக் கணக்கிடும் முறை அது. 2019இல் வந்த அதன் முடிவு, அவை கி.பி. 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்றது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் அதை ஏற்கவில்லை. அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்வது திடல் அமைப்பவரின் வேலை அன்று. ஆனால் ஓரிடத்து மண் அடுக்கு அடுக்காக இருந்தவாறே கையில் கிடைத்தால் எந்தப் பொருள் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று சொல்லலாம் என்பதும், பொக்லைன் ஒருமுறை கிண்டி லாரியில் ஏற்றிய பிறகு அந்த வாய்ப்பு போய்விடும் என்பதும் இத்தொழிலுக்கு நன்றாகத் தெரிந்தவை.

கண்ணிவெடி அகற்றும் பணி, திடல் தொழிலோடு வியக்கத்தக்க நெருக்கம் உடையது. ஈழத்தில் மிதிவெடி என்றே பெரும்பாலும் சொல்லப்படும் இவ்வெடிகளைத் தேடுபவர்கள், நிலத்தை ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலக் கீற்றுகளாகப் பிரித்து, நிறம் பூசிய குச்சிகளால் எல்லை குறித்து, ஒவ்வொரு கீற்றையும் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாகத் துழாவி முன்னேறுகின்றனர். ஓடுபாதைத் தடமும் கிட்டத்தட்ட அதே அகலம். முளைக்குச்சியும் நூலும் அங்கேயும் உண்டு. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது: திடல் அமைப்பவர் ஒரு நாளில் ஏக்கர்க் கணக்கில் நகர்கிறார், அவர்கள் ஒரு நாளில் சில சதுர மீட்டர்களையே முடிக்கின்றனர். வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் 1990 முதல் அகப்பட்டிருந்த பள்ளிகளுள் ஒன்றான காங்கேசன்துறை நடேஸ்வரக் கல்லூரி, 2016இல்தான் திரும்பக் கிடைத்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பிள்ளைகள் ஓடாத பள்ளித் திடலில் புதர் வெட்ட இறங்குமுன் அந்த நிலம் சோதிக்கப்பட்டதா என்று கேட்பது வேலையாளின் உரிமை. இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்த பிறகும் வன்னியில் அப்பணி தொடர்கிறது.

கிளியனூருக்கு இந்த அறிவு புத்தகத்தின் வழியாக வரவில்லை. மரக்காணத்துக்குத் தெற்கே கீழ்புத்துப்பட்டில், போரால் தமிழகம் வந்த ஈழத்தமிழர் முகாம் 1990களின் தொடக்கத்திலிருந்து உள்ளது. அங்கிருந்து பெயிண்டிங் வேலைக்கும் கூலி வேலைக்கும் சுற்றுவட்டாரமெங்கும் ஆட்கள் வருகிறார்கள். பள்ளித் திடல் ஒன்றில் கோடு போட வந்திருந்த முதியவர் ஒருவர், பொக்லைன் வேலையைத் தொடங்கும் முன் வேலையை நடத்தியவரிடம், “தம்பி, கிண்ட முன்னம் ஒருக்காச் சுத்தி நடந்து பாருங்கோ. பிறகு பாக்க ஏலாது” என்று சொன்னார். அவருக்கு அது எச்சரிக்கையாகக்கூடத் தோன்றவில்லை. நிலத்தில் இறங்கும் எவரும் செய்ய வேண்டிய சாதாரண ஒழுங்காகவே அவர் அதைச் சொன்னார். இக்கட்டுரையில் சொல்லப்படும் முறைகளில் பெரும்பகுதி அந்த ஒழுங்கை விரித்ததே ஆகும்.

உலகின் பிற இடங்களில் இத்தகைய அரங்குகளுக்கு என்ன நேர்ந்தது என்பதில் இரண்டு வழிகள் தெரிகின்றன. சரயேவோவில் 1984 குளிர்கால ஒலிம்பிக்குக்காக ட்ரெபெவிச் மலையில் கட்டிய கான்கிரீட் பனிச்சறுக்கு வண்டித் தடம், 1992 முதல் 1996 வரை நீடித்த முற்றுகையில் பீரங்கி நிலையாகப் பயன்பட்டது. இன்று காட்டுக்குள் ஓவியம் தீட்டப்பட்டுக் கிடக்கிறது. அதே ஒலிம்பிக்கின் செட்ரா அரங்கு குண்டுவீச்சில் அழிந்தது, அதன் மர இருக்கைகள் சவப்பெட்டிக்குப் பயன்பட்டன, அருகிலிருந்த திடல் கல்லறையானது. பிறகு அரங்கு திரும்பக் கட்டப்பட்டு 1999இல் திறக்கப்பட்டது. கல்லறையைப் பெயர்த்துவிட்டு எவரும் மீண்டும் திடல் அமைக்கவில்லை. சிலி நாட்டுத் தலைநகர் சாந்தியாகோவின் தேசிய அரங்கம், 1973 செப்டம்பர் இராணுவப் புரட்சிக்குப் பின் பல வாரங்கள் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்ட இடம். அது இன்றும் உதைபந்தாட்டம் நடக்கும் அரங்கமே. அரங்கம் முழுவதும் புதுப்பிக்கப்பட்டபோதும், எட்டாம் வாயிலுக்கு மேலுள்ள பழைய மரப்பலகை இருக்கைகள் மட்டும் புதிய நாற்காலிகளுக்கு நடுவே அப்படியே விடப்பட்டுள்ளன. ஆட்டம் நடக்கும்போதும் அங்கே யாரும் உட்காருவதில்லை. திடல் தொழிலின் பார்வையில் இந்தத் தீர்வே மிகச் செம்மையானது: ஆட்டம் நிற்கவில்லை, இடம் வீணாகவில்லை, நடந்ததும் மூடப்படவில்லை.

துரையப்பா அரங்கு இந்திய அரசின் நிதியுதவியுடன் புதுப்பிக்கப்பட்டு, 2016 சூன் 18 அன்று இலங்கைக் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணத்தில் இருக்க, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி காணொளி வழியாகத் திறந்துவைத்தார். 1,850 பேர் அமரும் வசதியோடு, ஏழு கோடி இந்திய ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் அது உருப்பெற்றது. திடல் மீண்டும் ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தது பெரிய நன்மை. பல ஆண்டுகள் ஓடுவதற்கு ஒழுங்கான பாதை இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளின் ஊரில் அதன் மதிப்பை வெளியிலிருந்து அளக்க முடியாது. சாந்தியாகோவில் செய்ததுபோல் அரங்கின் ஒரு மூலையை, 25 பேர் எடுக்கப்பட்ட நிலத்தின் நினைவாக ஒதுக்குவது ஓடுபாதையையோ பார்வையாளர் படிக்கட்டையோ பாதிக்காது. 400 மீட்டர் பாதையைச் செவ்வகமான நிலத்தில் அமைக்கும்போது நான்கு மூலைகளிலும், வளைவுக்கு வெளியே, ஆட்டத்துக்குப் பயன்படாத நிலம் மிஞ்சும். அதில் ஒரு துண்டு போதும். இது அரசியல் கோரிக்கை என்று ஒதுக்கப்பட வேண்டியதில்லை. வரைபடத்தில் இடமுள்ள ஒன்றை வரைபடம் போடுபவர் சுட்டிக்காட்டுகிறார், அவ்வளவே.

மரக்காணம் கடற்கரைக்கு அத்தகைய அண்மைக்காலப் போர் இல்லை. ஆனாலும் நிலம் வெறுமையானது அன்று. கடப்பாக்கத்து ஆலம்பரைக் கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் இடித்த போர்கள் இவ்வழியே நடந்தன. வானூர், புதுச்சேரிப் பகுதியில் சுத்துக்கேணி போன்ற இடங்களில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களும் தாழிகளும் அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளன. செம்மண் மேட்டை வெட்டித் திடல் அமைக்கும்போது கறுப்புச் சிவப்பு ஓடுகள் வெளிப்படுவது இங்கே அரிதும் அன்று. பெரும்பாலும் அவை கப்பியோடு சேர்ந்து நசுங்கி, நிரப்புமண்ணாகிப் போகின்றன.

ஆகவே யாழ்ப்பாணத்துக்கென்று கற்ற ஒழுங்கு கிளியனூருக்கும் பொருந்துகிறது. இவ்வட்டாரத்தில் இக்கட்டுரையாசிரியர் எழுதிக்கொடுக்கும் மதிப்பீட்டில், அதாவது வேலைக்கு முன் அளவும் செலவும் குறித்துத் தரும் பட்டியலில், இப்போது நிரவலுக்கு முன் நான்கு வரிகள் சேர்கின்றன. மழைக்கு மறுநாள் திடலைச் சுற்றி நடந்து நீர் நிற்கும் இடங்களை வரைவது முதல் வரி. பழைய சுவர், படிக்கட்டு, கல் ஆகியவற்றைப் பூசுவதற்கு முன் படம் பிடிப்பது இரண்டாவது. நான்கு மூலைகளிலும் நடுவிலும் பொக்லைன் இல்லாமல், மண்வெட்டியால் முழங்கை ஆழத்துக்குச் சோதனைக் குழி வெட்டி, மண்ணின் அடுக்குகளைப் பார்ப்பது மூன்றாவது. வெட்டிய மண்ணை அந்தந்தக் குழியின் ஓரத்திலேயே தனித்தனிக் குவியலாக விட்டு, பொறுப்பாளர் ஒருவர் கிளறிப் பார்த்த பிறகே லாரியை உள்ளே விடுவது நான்காவது. எலும்போ தாழி ஓடோ தென்பட்டால் மண்வெட்டியை அங்கேயே வைத்துவிட்டுக் கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அதே வரியில் அடங்கும். ஒப்பந்தக்காரர்கள் நான்காவது வரியைத்தான் அதிகம் எதிர்க்கிறார்கள், லாரிக்கு நிற்கும் வாடகை ஏறும் என்பதால். அந்த வாடகை மதிப்பீட்டிலேயே தனித்தொகையாகக் காட்டப்படுகிறது.